என் குள்ளனுக்குப் பேராசை, தங்கச்சி என்னோட பேச மாட்டேங்கிறா

கித்தாக்காட்டான் (சுங்கை சிப்புட்)
ஞாயிறு, காலை 7:10

வணக்கம். எல்லாரும் பசியாறிட்டீங்களா? எனக்கு இன்னும் ஆகல. காலையில தே கலக்கிக் கொடுக்கிற ஆளு தங்கச்சிதான். அவ நேத்து ராத்திரியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கா.

விஷயத்துக்கு வர்றேன். நாங்க அஞ்சு பேர் சனிக்கிழமை ராத்திரியில தையல்கடை மாடியில டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம். ஆளுக்கொரு கதாபாத்திரத்தை உருவாக்கி, பேசிப் பேசி, பகடை உருட்டி கதையை நகர்த்துற ஆட்டம். ஒன்றரை வருஷம் ஆச்சு. 2014-ல வந்த அஞ்சாம் பதிப்பு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே புத்தகம், அதுவும் அட்டை கழண்டது. கதை நடத்துறவர் வாத்தியார் (நிஜத்துலயும் வாத்தியார்தான்). பேச்செல்லாம் தமிழ்ல. பகடை சரியா விழலன்னா மட்டும் நாட்டுல உள்ள எல்லா மொழியிலயும் வரும்.

என் ஆளு பேரு செம்பன். குள்ளன், கோடாலி, சங்கிலிக் கவசம், பலம் 17. ஆளோட விவரம் எழுதுற ஷீட்டுல குறைன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல எல்லாரும் என்னென்னமோ எழுதினாங்க. ஒருத்தன் "பொண்ணுங்கள பாத்தா பொய் வரும்"னு எழுதினான், அது அவனோட சொந்தக் குறை, அதை விடுங்க. நான் ஒரே வரி எழுதினேன்: "எடையுள்ள எதையும் கீழ வைக்க மாட்டான்." வாத்தியார் படிச்சிட்டு, "நல்லாருக்கு, கடைசி வரைக்கும் காப்பாத்து"ன்னார். காப்பாத்தினேன்.

நேத்து ஒரு பாழடைஞ்ச கோட்டையிலிருந்து 3,400 பொற்காசு எடுத்தோம். நாலு பேரோட காசு, ஆனா பலம் இருக்கிறவன் நான்தானே, மூட்டை என் தோள்ல. புத்தகத்துல 50 காசுக்கு ஒரு பவுண்டு எடை. அப்படின்னா மூட்டை 68 பவுண்டு. கவசம் 55, கோடாலி 4. மொத்தம் 127. வாத்தியார் பாரக் கணக்கு விதியை விடாம பிடிக்கிறவர். பலத்தை அஞ்சால பெருக்கினா 85, அதைத் தாண்டிட்டா நடை 10 அடி குறையும். குள்ளனோட நடையே 25, அது 15 ஆயிடுச்சு.

முன்னால 60 அடிக்கு ஒரு கயித்துப் பாலம், பின்னால கோப்ளின்ங்கிற குட்டிப் பூதக் கூட்டம். மத்தவங்க ஒரே ஓட்டத்துல அக்கரை. நான் பாதியில நிக்கிறேன். "மூட்டையைப் போடுடா"ன்னு கத்துறாங்க. தங்கச்சியோட ஆளு வெள்ளையம்மா, மதகுரு. கேடயத்தை எடுத்துக்கிட்டு எனக்காகத் திரும்பி நடுப்பாலத்துக்கு வந்தா. கோப்ளின் கயித்த அறுத்துட்டான். பகடை உருட்டினோம். எனக்கு 16, கயித்தப் பிடிச்சிட்டேன். அவளுக்கு 4.

வாத்தியார் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுக் கேட்டார்: "ஒரு கை கயித்துல, ஒரு கை மூட்டையில. அவ உன் காலைத் தாண்டி நழுவிட்டு இருக்கா. எந்தக் கையை நீட்டுற?"

சீலிங் காத்தாடி சத்தம் மட்டும் கேக்குது. நான் ஷீட்டைப் பார்த்தேன். அந்த ஒரு வரியைப் பார்த்தேன். "மூட்டையை விட மாட்டான்"னு சொன்னேன்.

200 அடி பள்ளம். விழுந்த அடிக்கு 20 ஆறுமுகப் பகடை உருட்டணும். எங்ககிட்ட ஏழுதான் இருக்கு, அதனால எடுத்து எடுத்து மூணு தடவை உருட்டி, வாத்தியார் கூட்டி எழுதினார். 79. அவகிட்ட 31 உயிர்ப் புள்ளிதான் மிச்சம். ஆறுமுகமும் கைவிட்டுட்டார்.

அவ ஒன்னும் பேசல. ஷீட்டை நாலா மடிச்சு பைக்குள்ள வச்சா. மோட்டார்ல என் பின்னால உட்கார்ந்து வரும்போது ஒரே வார்த்தைதான் சொன்னா: "அது செம்பன் இல்லண்ணே, நீ."

இங்க ஒன்னு சொல்லணும். நான் வேலை செய்யிறது பழைய இரும்புக் கடையில. நாள் பூரா நிறுத்துப் போடுறதுதான் வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோர இடிச்சாங்க, அந்தச் சாமானோட பித்தளை எடைக்கல் அஞ்சு வந்துச்சு. மணி மாதிரி வளைஞ்சு, மேல சின்னக் குமிழ் வச்சது. ஒரு பவுண்டு ஒன்னு, ரெண்டு பவுண்டு ரெண்டு, நாலு பவுண்டு ரெண்டு. எங்கப்பா வெட்டின பாலையும் இது மாதிரி கல்லாலதான் நிறுத்திருப்பாங்க. கடை முதலாளி தவுக்கேகிட்ட பித்தளை விலைக்கே வாங்கி ரூம்ல மேசை டிராயர்ல வச்சிருக்கேன். ராத்திரியில ஒன்ன கையில எடுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். தங்கச்சி கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒன்னு கேட்டா. கொடுக்கல. அவ அதைத்தான் சொல்றான்னு எனக்குத் தெரியும்.

என் கேள்வி: குறைன்னு எழுதிட்டு, நெருக்கடியில அதைச் செய்யாம விட்டா அது என்ன குறை? நான் ஒழுங்காத்தானே ஆடினேன்?


பகடைப்பித்தன் (கிள்ளான்)
ஞாயிறு, காலை 9:32

காட்சி பிரமாதம் தலைவா. "எந்தக் கையை நீட்டுற"ன்னு கேட்ட வாத்தியாருக்கு ஒரு தே தாரே என் கணக்குல.

ஆனா ஒழுங்கா ஆடினீங்களான்னா, பாதிதான். நடை குறைஞ்சது உங்க பேராசையால. பாலத்துல விழுந்தது யாரு? வெள்ளையம்மா. ஒன்றரை வருஷம் வளர்த்த ஆளு போச்சு. உங்களுக்கு மூட்டையும் மிச்சம், நல்ல காட்சி நடிச்ச பேரும் மிச்சம். ஒருத்தன் எழுதின குறைக்கு இன்னொருத்தர் விலை கொடுத்தா மேசையில சண்டைதான் வரும்.

இந்த ஆட்டம் பிறக்கும்போதே காசாசையோட பிறந்தது. 1974-ல கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்புல, பாதாளத்திலிருந்து கொண்டு வர்ற ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி. பூதத்தை அடிக்கிறதைவிட அதோட பெட்டியைத் தூக்கிட்டு ஓடுறதுதான் லாபம். அங்க எல்லாருமே செம்பன், அதனால எவன் பேராசைக்காரன்னு தனியா தெரியாது. குறைன்னு கட்டம் போட்டு எழுதவச்சது ரொம்பப் பின்னாடி.

1986-ல முதல்ல வந்த கர்ப்ஸ்ங்கிற இன்னொரு ஆட்டத்துல, அதோட நாலாம் பதிப்புல பேராசைக்குத் தனி விதியே இருக்கு. குறையை எடுத்துக்கிட்டா ஆளை உருவாக்கப் புள்ளி கூடக் கிடைக்கும். அதுக்கு விலையா, காசு கண்ணுல படும்போதெல்லாம் மூணு பகடை உருட்டணும். வழக்கமான அளவு 12. பன்னிரண்டோ அதுக்குக் கீழயோ வந்தா மனசை அடக்கிக்கலாம், நூத்துக்கு 74 தடவை அப்படித்தான் வரும். ஆள் ஏழையா இருந்து, வர்ற காசு பெருசா இருந்தா அடக்குறது இன்னும் கஷ்டம்னு போட்டிருக்கு. இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, முடிவை நீங்க மட்டும் எடுக்கல, பகடையும் எடுக்குது. தங்கச்சி உங்களைத் திட்டாம பகடையைத் திட்டுவாங்க.

அப்புறம் ஒரு விஷயத்தை எல்லாரும் மறந்துட்டீங்க. செத்தவங்கள எழுப்புற மந்திரம் இருக்கு. செத்து 10 நாளுக்குள்ள உடல் கிடைக்கணும், 500 காசு பெறுமான வைரம் ஒன்னு கரையணும். உங்க தோள்ல 3,400 இருக்கு. பள்ளத்துல இறங்குங்க. செம்பன் அந்தக் காசை எண்ணி வைக்கட்டும், உண்மையான குறை அங்கதான் ஆட்டத்துக்கு வரும்.


லாபிஸ்காரி
ஞாயிறு, காலை 10:05

எங்க மேசையில ஒருத்தர் இருந்தார். திருடனா ஆடுவார். நாங்க தூங்கும்போது எங்க பையைத் துழாவுவார். கேட்டா, "நான் என்ன செய்யிறது, என் ஆளு அப்படி." அந்த ஆளை உருவாக்கினது யாரு, சாமியா? ஆறு மாசத்துல மேசையே கலைஞ்சு போச்சு. அவருக்கு இன்னமும் ஏன்னு தெரியாது.

நீங்க அந்த ரகம் இல்லன்னு நினைக்கிறேன். கேள்வி கேட்டிருக்கீங்களே, அதுவே பெருசு. ஆனா "வரியைக் காப்பாத்தினேன்"னு சொல்றது அதே சாக்குதான். வரியை எழுதினதும் நீங்க, கையை நீட்டாததும் நீங்க.

குள்ளன் ஆடுறதால ஒன்னு சொல்றேன். பர்னிங் வீல்னு ஒரு ஆட்டம் இருக்கு. அதுல குள்ளர்களுக்குப் பேராசை ஒரு எண், பலம் மாதிரி. விலையுயர்ந்த பொருளுக்காக இறங்கினா அந்த எண்ணே பகடைக்குத் துணை நிக்கும், வேலை ஜோரா நடக்கும். ஒவ்வொரு தடவையும் துணைக்குக் கூப்பிடக் கூப்பிட அது ஏறும். பத்தைத் தொட்டா கதை முடிஞ்சது, குள்ளன் தன் புதையலோட அடைஞ்சு கிடப்பான், இனி அவனை நீங்க ஆட முடியாது. வாத்தியார்கிட்ட சொல்லிப் பாருங்க. செம்பன் ஷீட்டோட ஓரத்துல ஒரு எண் ஏறிட்டே இருந்தா, அடுத்த பாலத்துல உங்க கை கொஞ்சம் யோசிக்கும்.

தங்கச்சிக்கு முதல்ல ரொட்டி சானாய் வாங்கிட்டுப் போங்க.


சும்மா_பார்க்கிறவன்
ஞாயிறு, காலை 10:11

மூட்டையைப் பல்லால கடிச்சிட்டு கையைக் கொடுத்திருக்கலாம்ல.


கித்தாக்காட்டான்
ஞாயிறு, காலை 10:40

68 பவுண்டு அண்ணே.


பழைய கிராணி (பஹாவ்)
ஞாயிறு, மாலை 4:20

தம்பி, நான் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி, இந்த ஆட்டம் ஆடுகிறவன் இல்லை. மகள் ஆடுகிறாள். அவள் படித்துவிட்டு, "அப்பா, இதில் உங்கள் கல் வருகிறது" என்று காட்டினாள். அதனால் எழுதுகிறேன்.

கிள்ளான் தம்பி சொன்ன விதி, ஏழைக்குப் பெரிய காசைக் கண்டால் மனசை அடக்குவது இன்னும் கஷ்டம் என்பது, எனக்கு ஒப்பவில்லை. எழுதியவர் தோட்டத்தில் இருந்தவர் இல்லை. துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-ல், அப்போது மந்திரியாக இருந்த சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமாக வந்து பேசினார். தொழிலாளர் லயத்தில் இருந்த ஜனங்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பத்து வெள்ளிக்கு எத்தனை மங்குப் பால் வேண்டும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். என் அம்மா பங்குப் புத்தகத்தை மைலோ டின்னில் வைத்திருந்தார். இல்லாதவன் கை அப்படியும் திறக்கும்.

இருப்பவனைப் பற்றிச் சொல்கிறேன், என்னையே சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது நான் பேரேடு எழுதுவேன். வாளியில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்போம். கல்லை வைத்து நிறுத்தால் முள் சில நேரம் ஒரு பவுண்டுக்கும் அடுத்த பவுண்டுக்கும் நடுவில் நிற்கும். "அரையை விட்டுவிட்டு எழுது" என்பது எனக்கு முன்பிருந்தே வழக்கம். நானும் எழுதினேன். தினமும் நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு அரைப் பவுண்டு என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதில் ஒரு காசு என் சட்டைப்பையில் விழவில்லை. சத்தியம். ஆனாலும் மாசக் கடைசியில் ஸ்டோர் கணக்கு கூடி நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு திருப்தி. எதற்கு? இன்று வரை சொல்லத் தெரியவில்லை. வரிசையில் ஒரு அம்மா மட்டும் தினமும் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார், வாய் திறக்க மாட்டார். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டு எழுதுவேன்.

செம்பன் அந்தக் காசை வைத்து என்ன செய்யப் போகிறான், தம்பி?


கித்தாக்காட்டான்
ஞாயிறு, இரவு 11:48

ஐயா, ரெண்டு மணி நேரமா இதுக்குப் பதில் எழுதி எழுதி அழிக்கிறேன்.

முதல்ல "குள்ளர்களோட சுரங்கத்தை யாரோ வித்துட்டாங்க, அதைத் திருப்பி வாங்கணும்"னு ஒரு கதை எழுதினேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பொய். ஒன்றரை வருஷமா ஆடுறேன், செம்பன் ஒரு தடவைகூட எதுவும் வாங்கல. கோடாலி மழுங்கிப் போச்சு, அதைக்கூட மாத்தல. அவனுக்குக் காசு வேணாம். எடைதான் வேணும். தோள்ல அழுத்தணும், அப்பத்தான் அவனுக்குத் தான் இருக்கிறது தெரியும்.

கிராணிமார்களைப் பத்தி எங்கப்பா வேற மாதிரி பேசுவார். அதை இங்க எழுத மாட்டேன். நீங்க எழுதினதுக்கு நன்றி.

ரொட்டி சானாய் வாங்கிட்டு வந்தேன். சாப்பிட்டா. பேசல.


பகடைப்பித்தன் (கிள்ளான்)
திங்கள், காலை 8:15

சாப்பிட்டாங்கல்ல, பாதி ஜெயிச்சாச்சு. சனிக்கிழமை என்ன நடந்துச்சுன்னு வந்து சொல்லணும், ஓடிடாதீங்க.


கித்தாக்காட்டான்
ஞாயிறு, காலை 6:55

ஓடல. இதோ.

தங்கச்சியும் வந்தா. "வேடிக்கை பார்க்கத்தான் வர்றேன்"னு முறுக்கு டப்பாவோட ஓரமா உட்கார்ந்துட்டா. நான் டிராயர்ல இருந்த அஞ்சு கல்லையும் துணிப்பையில எடுத்துட்டுப் போயிருந்தேன். ஒரு பவுண்டு கல்லுன்னா 50 காசு, ரெண்டு பவுண்டுன்னா 100, நாலு பவுண்டுன்னா 200. செம்பன் தூக்குறது கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரியட்டும்னு மேசையில அடுக்கி வச்சேன். வாத்தியார் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்துட்டு, "இதை வச்சு என்னை அடிச்சிடாத"ன்னார்.

மூட்டையோட பள்ளத்துல இறங்கினோம். முதல் நாளே ஆத்தோரத்துல உடல் கிடைச்சிடுச்சு. மூணு நாள் நடந்து ஒரு கோயில். பூசாரி, "வைரம் 500, கோயிலுக்குக் காணிக்கை 600"ன்னார். நான் பேரம் பேசினேன். பக்கத்துல இருந்தவன் தலையில அடிச்சிக்கிட்டான், செத்தவளுக்காகக் கோயில்ல பேரம் பேசுறியேன்னு. என்ன செய்ய, செம்பன் அப்படி... சரி, லாபிஸ் அக்கா, நான் அப்படி. 600-ஐ 350-க்குக் கொண்டு வந்தேன். ஆக மொத்தம் 850.

வாத்தியார் ஒவ்வொரு நூறுக்கும் என்னைப் பகடை உருட்ட வச்சார், கிள்ளான் அண்ணன் சொன்ன மாதிரி. தோத்தா நான் என் உயிர்ல ரெண்டைக் குறைச்சுக்கணும், காசைப் பிரிய முடியாத வேதனைக்கு. மத்தவங்களுக்கு ஒன்னும் ஆகாது. ஒவ்வொரு நூறா உருட்டினேன், கடைசி அம்பதுக்கும் சேர்த்து ஒன்பது தடவை. நாலு தடவை தோத்தேன். கைலயும் ஒவ்வொரு கல்லா மேசையோட அந்தப் பக்கம் தள்ளினேன். நிஜமாவே தள்ள மனசு வரல. சிரிக்காதீங்க. மொத்தம் 13 பவுண்டுதான் இருக்கு, 650 காசுக்கு மட்டும் வரும். மிச்ச 200-க்கு முறுக்கு வச்சோம்.

வெள்ளையம்மா கண்ணைத் திறந்தா. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. செம்பன் முட்டி போட்டு, "என் காசைக் கொடுத்து உன்னை மீட்டேன்"னு சொன்னான்.

தங்கச்சி கை தட்டல. போன்ல என்னமோ தட்டிக்கிட்டு இருந்தா. அப்புறம் நிமிர்ந்து, ஒரு வாரத்துக்கப்புறம் முதல் தடவையா என் முகத்தைப் பார்த்துக் கேட்டா:

"3,400-ஐ நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு?"

850.

நான் வேணும்னு செய்யல. சத்தியமா அந்தக் கணக்கு என் மனசுல இல்ல. பேரம் எங்க போய் நின்னுச்சோ அங்க நின்னுச்சு, அவ்வளவுதான். ஆனா யாரும் நம்பல. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. 600-லிருந்து 400-க்கு வந்தப்பவே பூசாரி ஒத்துக்கிட்டார். நான்தான் இன்னும் அம்பது இழுத்தேன்.

"என் பங்கை எடுத்து என்னை எழுப்பிட்டு, உன் காசுங்கிறியா?"ன்னா. வாத்தியார் புத்தகத்தை முகத்துக்கு நேரா பிடிச்சிக்கிட்டார். தோள் குலுங்குது. அவ மடிச்ச ஷீட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து விரிச்சு, முதுகுப் பக்கத்துல எழுதினா: "செம்பன் பாக்கி." ஆட்டத்துக்குள்ள நுழைஞ்சிட்டா.


லாபிஸ்காரி
ஞாயிறு, காலை 8:20

முடியல 😂 உங்க தங்கச்சிக்கு என் மேசையில எப்பவும் இடம் உண்டு.


பழைய கிராணி (பஹாவ்)
ஞாயிறு, காலை 9:02

அந்தக் கடைசி ஐம்பது, தம்பி. அதுதான் அரைப் பவுண்டு.


கித்தாக்காட்டான்
ஞாயிறு, காலை 9:30

ஆமாங்கய்யா.

இன்னைக்குக் காலையில தே கலக்கி வச்சிருந்தா. குடிச்சிட்டு ரூமுக்குப் போய் டிராயரைத் திறந்தேன், கல்லை எடுத்து வைக்க. பையில நாலுதான் இருக்கு. நாலு பவுண்டு கல்லு ஒன்னைக் காணோம். அதோட இடத்துல ஒரு துண்டுச் சீட்டு, "வட்டி"ன்னு எழுதி.

பின்கட்டுக் கதவு திறந்தே நிக்குது. காத்துல அடிக்கல.